நாலு நாள் ரசம்

ஒரே ஒரு ஊராம். அந்த ஊருக்கு அடியில் தண்ணீராம். தண்ணீருக்கு மேலே கல்லாம். கல்லுக்கு மேலே ஓர் ஆள் நின்றானாம்.

உம் கொட்டுங்க மேடம். நீங்கள் உம் கொட்டினால்தான் எனக்கு மேலே சொல்ல வரும். எங்கள் அப்புச்சி, அம்மாவைப் பெத்தவர், கதை சொல்லும்போது அப்படித்தான் பழக்கிவிட்டார். உம் சத்தம் நின்றால் கதையும் அங்கேயே நின்றுவிடும்.

அந்தப் பேனாவை மட்டும் பைக்குள் வைத்துவிடுங்க. கோபித்துக்கொள்ளாதீங்க. இது வாக்குமூலம் இல்லை, கதை. கதைக்கு யாரும் கையெழுத்து கேட்பதில்லை, இல்லீங்களா? அதனால்தான் வார்டில் இதைச் சொல்லாமல், நீங்கள் ஆஸ்பத்திரி கேட்டைத் தாண்டி ரோட்டுக்கு வரும்வரை பின்னாலேயே வந்தேன். மூன்று தரம் மேடம் மேடம் என்று கூப்பிட்டேன். உங்களுக்குக் கேட்கவில்லை. என் குரல் அப்படி. பள்ளிக்கூடத்தில் அட்டெண்டன்ஸ் எடுக்கும்போது உள்ளேன் ஐயா என்று நான் சொன்னதை நம்பாமல் வாத்தியார் பாதி நாள் ஆப்சென்ட் போட்டுவிடுவார்.

நாமக்கல் பஸ் நாலரைக்குத்தாங்க. இன்னும் அரை மணி இருக்கிறது. இந்த பஸ் ஸ்டாப் கம்பியில் உட்காருங்க, வெயில் இறங்கிவிட்டது, சுடாது.

இருமலா? இது சும்மாங்க. ரோட்டுப் புகை.

கல்லுக்கு மேலே நின்ற அந்த ஆள் வேறு யாரும் இல்லை. இப்போது பார்த்துவிட்டு வந்தீங்களே, மூன்றாம் மாடியில், ஜன்னலோரக் கட்டிலில், மூக்கில் குழாயோடு, அந்த சென்னியப்பண்ணன்தான். என் பெயர் இளவரசு. உங்கள் நோட்டில் மூன்றாவதாக இருக்கும். கடைசியாகப் பேசினேனே, கொள்ளு ரசம், குதிரை... நீங்கள்கூட வாயை மூடிக்கொண்டு சிரித்தீங்களே, அது நான் சொன்னது.

நீங்கள் எதற்கு வந்தீங்க என்று எனக்குத் தெரியும் மேடம். அண்ணனுடைய நுரையீரலில் கல்தூசி படிந்து போயிருக்கிறது என்கிறார் டாக்டர். முதலாளி உங்கள் லேபர் ஆபீசுக்குக் கொடுத்த ஆள்கணக்கு நோட்டில் அவர் சமையல்காரர் என்று இருக்கிறது. சமையல்காரருக்குக் கல்தூசி எங்கிருந்து வரும்? கூட வேலை செய்த ரெண்டு பேர், ஆமாம், இவர் துளை போடும் மிஷினில் நின்றவர்தான் என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டால், தொழிலால் வந்த நோய் என்று எழுதுவீங்க. ஆக்சிஜன் மிஷின் வீட்டுக்கே வரும். அவர் வீட்டுக்காரம்மா மயிலக்காவுக்கு மாசாமாசம் ஏதோ ஒன்று வரும். யாரும் போடாவிட்டால் பீடிப் புகை என்று முடித்துத் திங்கட்கிழமை வீட்டுக்கு அனுப்பிவிடுவாங்க. அவ்வளவுதானே? மிஷின் இல்லாமல் வீட்டுக்குப் போனால் எத்தனை நாள் தாங்கும் என்று நான் டாக்டரிடம் கேட்கவில்லை. மயிலக்கா கேட்டிருக்கும். முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

நான் ஒன்றும் பொய் சொல்லவில்லைங்க மேடம். அதை முதலில் சொல்லிவிடுகிறேன். கொள்ளு ரசம் நிஜம், குதிரையும் நிஜம்.

திருச்செங்கோட்டுப் பக்கம் ரிக் வண்டி என்றால் சின்னப்பிள்ளைக்கும் தெரியும். போர்வெல் போடுகிற மிஷின் ஏற்றிய லாரி ஒன்று, பின்னாலேயே பைப்புகளை ஏற்றிக்கொண்டு இன்னொரு லாரி. ஊரை விட்டுக் கிளம்பினால் சத்தீஸ்கர், மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான் என்று பத்து மாதம் போய்விடும். அடுத்த ஆடிக்குத்தான் வீடு. அந்தப் பத்து மாதமும் லாரிதான் வீடு. துளை போடும்போது கம்பிரசர் போடுகிற சத்தத்தில் பக்கத்தில் நிற்கிறவன் கத்தினாலும் கேட்காது. எல்லாம் கைஜாடைதான். உள்ளங்கையை மேலே காட்டினால் பைப்பைத் தூக்கு. கீழே காட்டினால் இறக்கு. முஷ்டியை மடக்கினால் நிறுத்து. எனக்கு அந்த வேலை பிடித்துப்போனதே அதனால்தாங்க. அங்கே என் குரல் சின்னது என்று ஒருத்தருக்கும் தெரியாது.

எங்கள் வண்டியில் ஒரு வழக்கம் உண்டு. ஊர் திரும்புகிற கடைசிச் சாப்பாட்டில் எல்லாரும் வட்டமாக உட்கார்ந்து, ஆளுக்கு ஒருத்தரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். வண்டி இறங்குற பேச்சு என்போம். கேலி பண்ணலாம், திட்டலாம், அழவும் செய்யலாம். பொய் மட்டும் கூடாது. பொய் சொல்லி மாட்டிக்கொண்டவன் அடுத்த தடவை கிளம்பும்போது ஒண்டி ஆளாக அத்தனை பைப்பையும் லாரியில் ஏற்ற வேண்டும். நாலு வருஷத்தில் ஒருத்தரும் அப்படி ஏற்றி நான் பார்த்ததில்லை. நான் என் முறை வந்தால் அப்புச்சி மாதிரியே ஆரம்பிப்பேன், ஒரே ஒரு ஊராம் என்று. அதனால் எனக்கு வண்டியில் கதைக்காரன் என்று பெயர். வைத்தது சென்னியப்பண்ணன்.

போன வெள்ளிக்கிழமை முதலாளி எங்கள் மூன்று பேரையும் பட்டறைக்குக் கூப்பிட்டார். டிரைவர் அர்த்தனாரி அண்ணன், வண்டி மேனேஜர் நல்லசிவம் அண்ணன், நான். டீயும் போண்டாவும் வாங்கி வைத்திருந்தார். அவர் கெட்டவர் இல்லைங்க மேடம். குரலை உயர்த்தக்கூட இல்லை.

"பொய் சொல்லுங்கன்னு நான் சொல்லலப்பா. நானும் புள்ளகுட்டிக்காரன். நோவுல கெடக்கற மனுசன் முன்னாடி வேலப் பேச்சு எதுக்குங்கறேன். நல்லதா நாலு சொல்லுங்க, அவன் மனசு குளிரட்டும். கலகலன்னு இருப்பானே, அதச் சொல்லுங்க. ஒரு தடவ ரசம் வெச்சான்னு சொல்லுவீங்களே, அதச் சொல்லுங்க" என்றார்.

எங்களுக்கும் அது சரி என்றுதான் பட்டது. நோயாளியிடம் நல்லதைத்தானே பேச வேண்டும்?

கிளம்பும்போது என் தோளில் கை போட்டு, "கதக்காரா, லீவரு இனி உன்றதுதான். உன்ற பேரையும் நோட்டுல ஏத்தியாச்சு" என்றார்.

லீவர் என்றால் துளை மிஷினின் நெம்புகோல்கள். அதைப் பிடிக்கிறவர்தான் டிரில்லர். வண்டியில் அவருக்கு மிஞ்சி ஆள் கிடையாது. அண்ணன் படுத்த பிறகு மூன்று மாதமாக நான்தான் பிடிக்கிறேன், ஆனால் தற்காலிகம் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கு இருபத்து நாலு வயது. எங்கள் பக்கத்தில் இந்த வயதில் லீவர் பிடித்தவன் எவனும் இல்லை. நாலு வருஷமாக எந்த நோட்டிலும் இல்லாத என் பெயர் இப்போது ஏறியிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை வண்டி சத்தீஸ்கருக்குக் கிளம்புகிறது. அம்மா ஊரெல்லாம் சொல்லிவிட்டது.

உம் கொட்டுங்க மேடம்.

இன்றைக்கு வார்டில் நடந்தது உங்களுக்கும் தெரியும். நீங்கள் ஜன்னல் பக்கம் ஸ்டூல் போட்டு நோட்டை விரித்து உட்கார்ந்திருந்தீங்க. ஆனால் நீங்கள் பார்த்தது ஒன்று, நாங்கள் பார்த்தது வேறு.

எங்களைப் பார்த்ததும் அண்ணன் முகம் மலர்ந்ததைக் கவனித்தீங்களா? எலும்பும் தோலுமாகக் கிடந்தவர் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். ரெண்டு வார்த்தைக்கு ஒரு தரம் மூச்சு வாங்கிக்கொண்டே, "வந்துட்டீங்களாடா... நான் வண்டி எறங்கறேன்... பேசுங்கடா, ஆளுக்கு ஒண்ணு" என்றார். மயிலக்கா அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டது. நீங்கள் ஏதோ ஊர்ப் பேச்சு என்று நினைத்திருப்பீங்க. எங்களுக்குத் தெரியும், வண்டி இறங்குற பேச்சு கேட்கிறார். பொய் கூடாத பேச்சு.

அர்த்தனாரி அண்ணன் ஆரம்பித்தார். அது நல்ல கதைதான். சத்தீஸ்கரில் ஒரு கிராமம். பண்ணைக்காரர் சென்னியப்பண்ணனை வீட்டுக்குக் கூப்பிட்டுத் தலைப்பாகை கட்டி உட்கார வைத்தார். அண்ணனுக்கு இந்தியில் தெரிந்தது ஒரே வார்த்தை, ஆமாம் என்கிற ஹாங். சாப்பிடறீங்களா? ஹாங். இன்னும் போடட்டுமா? ஹாங். பிறந்து பத்து நாளான குழந்தையைக் கொண்டுவந்து மடியில் வைத்து, பேர் வைக்கறீங்களா என்று கேட்டார்கள். அதற்கும் ஹாங். என்ன பேர்? ஹாங்.

"ஏப்பா, பேரு கேக்கறாங்கன்னு நான் பின்னாலருந்து கத்தறேன். இவன் பதறிப்போயி என்ற மூஞ்சியத் திரும்பிப் பாத்து 'அர்த்தனாரி'ன்னுட்டான். இப்ப அந்த ஊர்ல ஆறு வயசுல ஒரு அர்த்தனாரி திரியறானுங்க மேடம். எப்பிடி இந்தப் பேரு வந்துதுன்னு அவனுக்கும் தெரியாது, அவனப் பெத்தவனுக்கும் தெரியாது!"

நர்ஸம்மா வரைக்கும் சிரித்தாங்க. நீங்களும் எழுதிக்கொண்டீங்க. அந்தத் தலைப்பாகையை எதற்காகக் கட்டினார்கள் என்று நீங்கள் கேட்கவே இல்லையே மேடம். அர்த்தனாரி அண்ணனும் சொல்லவில்லை. அந்த ஊரில் வேறு வண்டிக்காரர்கள் பதினோரு துளை போட்டு, பதினொன்றிலும் புகைதான் வந்தது. தண்ணீர் இல்லாமல் வெறும் தூசி வந்தால் நாங்கள் புகை என்போம். பன்னிரண்டாவதை அண்ணன் போட்டார். தண்ணீர் தென்னை உயரத்துக்குப் பாய்ந்தது. அதற்குத்தான் தலைப்பாகை.

அடுத்து நல்லசிவம் அண்ணன். அவருக்குக் கதை சொல்ல வராதுங்க. விலை பேசத்தான் வரும். ஏதோ வேகத்தில், ஒரு கைம்பெண்ணுக்குப் போர்வெல் போட்ட கதையை எடுத்துவிட்டார்.

"மத்தியப் பிரதேசத்துல ஒரு அம்மாங்க. புருசன் இல்ல. இருக்கறதே ஒண்ணரை ஏக்கரா. ஐந்நூறு அடி போயாச்சு, புகதான். மொதலாளி போன்ல, பைப்ப உருவிட்டுக் கெளம்புங்கறாரு. அந்தம்மா மண்ணுல உக்காந்துட்டுது. அப்ப நம்ம சென்னியப்பண்ணன், அடி காட்டற மீட்டரு ரிப்பேருன்னு மொதலாளிகிட்டச் சொல்லுடான்னு எனக்கு ஜாடை காட்டிட்டு, லீவரப் புடிச்சு ஒரே—"

அங்கே நின்றுவிட்டார். உங்கள் பேனாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"இல்லீங்... அண்ணன் அப்ப அடுப்புகிட்ட இருந்தாரு. டிரில்லரு வேற ஒருத்தன். அண்ணன் அடுப்பு வேலைய விட்டுட்டு ஓடியாந்து, இன்னும் மூணு பைப்பு எறக்குடான்னு அவனுக்குத் தகிரியம் சொன்னாரு. ஐந்நூத்தி அம்பதுல தண்ணி வந்துருச்சு."

அண்ணன் தலையணையிலிருந்து முதுகை எடுத்தார். "யாருடா அந்த டிரில்லரு?" என்றார்.

"அது... இருந்தானேண்ணா ஒருத்தன்."

"பேரு?"

"மறந்துபோச்சுண்ணா."

அண்ணன் மறுபடி தலையணையில் சாய்ந்துகொண்டார். அப்புறம், "நல்ல கைக்காரனா இருந்திருப்பான்" என்றார்.

நீங்கள் அதை எழுதவில்லை. நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

அடுத்தது என் முறை. அண்ணன் என் பக்கம் திரும்பினார். "கதக்காரா... நீயாச்சும்... நாக்குல வெக்கறதச் சொல்லுடா" என்றார்.

அதென்ன நாக்கில் வைப்பது என்று நீங்கள் அப்போதே கேட்டிருந்தால் ஒருவேளை நான் சொல்லியிருப்பேன். இல்லை, சொல்லியிருக்க மாட்டேன். தெரியவில்லைங்க.

நான் ரசத்தைச் சொன்னேன். ராஜஸ்தானில் எங்கள் சமையல்காரர் நபினுக்குக் காய்ச்சல் வந்தது, அதை மட்டும் வார்டில் விட்டுவிட்டேன். எல்லாரும் ரொட்டி தின்று நாக்கு செத்துப் போயிருந்தோம். அண்ணன் ரசம் வைக்கிறேன் என்று கிளம்பினார். ஊரில் கொள்ளு எங்கே கிடைக்கும் என்று கேட்க மொழி தெரியவில்லை. ஒரு குதிரை வண்டிக்காரரைப் பிடித்து நிறுத்தி, குதிரையைக் காட்டி, வாயைக் காட்டி, தானே குதிரை மாதிரி கனைத்து, காலை உதைத்து... நான் வார்டிலேயே கனைத்துக் காட்டினேனே. அந்த வண்டிக்காரர் பயந்துபோய் குதிரைக்கு வைத்திருந்த கொள்ளை மூட்டையோடு கொடுத்துவிட்டு ஓடினார். அந்த ரசத்தின் மணத்துக்குப் பக்கத்துக் காட்டிலிருந்து ஆட்கள் வந்தார்கள். எல்லாம் நிஜம்.

எல்லாரும் சிரித்தாங்க. அண்ணனும் சிரித்தார். சிரிப்பு இருமலாகி, இருமல் நிற்காமல், மயிலக்கா நெஞ்சைத் தடவிக்கொடுத்தது. நீங்கள், "சமையலில் கெட்டிக்காரர்தான் போல" என்று சொல்லி நோட்டை மூடினீங்க.

அப்போதுதாங்க அண்ணன் கையைத் தூக்கினார். போர்வைக்கு வெளியே, என்னைப் பார்த்து. முஷ்டியை மடக்கினார்.

மயிலக்கா தண்ணீர் கேட்கிறார் என்று நினைத்து டம்ளரை நீட்டியது. நீங்கள் உங்களுக்கு வணக்கம் சொல்கிறார் என்று நினைத்துக் கும்பிட்டீங்க. எங்கள் மூன்று பேருக்கு மட்டும்தான் அது வண்டி ஜாடை என்று தெரியும். அர்த்தனாரி அண்ணன் பையை எடுத்துக்கொண்டு முதல் ஆளாகப் படி இறங்கிவிட்டார். நல்லசிவம் அண்ணன் கழிப்பறைக்குப் போகிறேன் என்று போனவர், திரும்பி வரவில்லை. இப்போது ரெண்டு பேரும் பஸ்ஸில் பள்ளிபாளையம் தாண்டியிருப்பாங்க.

நான் மட்டும் உங்கள் பின்னால் வந்துவிட்டேன்.

நான் சொன்னதில் பொய் எங்கே இருக்கிறது, சொல்லுங்க. ரசம் வைத்தார், நானே குடித்தேன்.

நாலு நாள்.

ஆமாங்க, நாலு நாள்தான். அஞ்சாவது நாள் நபினுக்குக் காய்ச்சல் விட்டது, அண்ணன் லீவருக்குப் போய்விட்டார். ஒன்பது வருஷத்தில் நாலே நாள்தாங்க சமைத்தார். வேண்டாம் மேடம், பையைத் திறக்காதீங்க. கதைதானே சொல்கிறேன். திறந்தால் நான் எழுந்து போய்விடுவேன்.

அந்த நாக்கு விஷயமா? அதையும் சொல்லிவிடுகிறேன். கல்லுக்கு மேலே நின்ற ஆள் இருக்கிறானே, அவன் ஒவ்வொரு பைப்பு இறங்கும்போதும் மேலே வருகிற தூசியில் ஒரு பிடி அள்ளித் தரையில் குவித்து வைப்பான். வரிசையாகக் குவியல். செம்மண், சாம்பல், கறுப்பு, அப்புறம் வெண்மை. எல்லா டிரில்லரும் அப்படித்தான் வைப்பாங்க, கண்ணால் பார்ப்பாங்க. இவன் மட்டும் ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைப்பான். ஈரம் கண்ணுக்குத் தெரிவதற்கு முன்னால் நாக்குக்குத் தெரிந்துவிடுமாம். கண்ணை மூடிக்கொண்டு நிற்பான். அத்தனை சத்தத்தில், உடம்பெல்லாம் மாவு கொட்டின மாதிரி வெள்ளையாக, இமை மயிர்கூட வெள்ளையாக. அப்புறம் ரெண்டு விரலைக் காட்டுவான். இன்னும் ரெண்டு பைப்பு. சொன்ன மாதிரி ரெண்டாவது பைப்பில் தண்ணீர் வரும்.

எப்போதும் வந்ததா என்றால், இல்லைங்க. கதையில் எப்போதும் வரும்.

முகமூடியா? இருந்தது மேடம். ஒரு பெட்டி, பிரிக்காமல், டூல் பாக்ஸில். துண்டாவது கட்டிக்கோங்கண்ணா என்று நான்கூட ஜாடை காட்டுவேன். கட்டினா வாசம் தெரியாதுடா என்பார். அதையெல்லாம் வண்டி இறங்குற பேச்சில் எத்தனை தரம் சொல்லிச் சொல்லிக் கை தட்டியிருக்கிறோம். வாயைக் கட்டாத சிங்கம் என்பார் அர்த்தனாரி அண்ணன். அவரும் பல்லெல்லாம் வெள்ளைத் தூசியாகச் சிரிப்பார்.

தண்ணீர் அடித்துக்கொண்டே துளை போட்டால் தூசி எழும்பாது என்கிறீங்களா? டாக்டரும் அதைத்தான் கேட்டார். அதற்குத் தண்ணீர் வேண்டுமே மேடம். தண்ணீர் இல்லாத ஊருக்குத்தானே நாங்கள் போகிறோம்.

அண்ணனுக்கு வந்த மாதிரி எல்லாருக்கும் வராதுங்க. அவர் உடம்பு வாகு அப்படி. இப்போது நானும்தான் நாக்கில் வைத்துப் பார்க்கிறேன். மூன்று மாதமாக. எனக்கும் தெரிய ஆரம்பித்துவிட்டது தெரியுங்களா? போன மாதம் ஓசூர் பக்கம், ஒரு பைப்பு என்று விரல் காட்டினேன், வந்துவிட்டது! முதலாளி போனில் கூப்பிட்டு, சென்னியப்பன் போனா என்ன, நாக்கு நம்ம வண்டியிலயேதான் இருக்குது என்றார். அன்றைக்கு எனக்குத் தூக்கமே வரவில்லை. அண்ணனிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். இன்றைக்குத்தான் பார்க்க முடிந்தது. இன்றைக்கு எப்படிச் சொல்வது?

ஒரு நிமிஷம்ங்க. இந்த இருமல்...

சரியாகிவிட்டது. எத்தனை நாளாகவா? ரெண்டு மாதம் இருக்கும். மூன்று இருக்கலாம். சளியெல்லாம் இல்லைங்க. காலையில் மட்டும்தான், மாடி ஏறினால் மட்டும்தான். மூன்றாம் மாடி ஏறி வந்தேன் இல்லீங்களா, அதனால்.

என்ன மேடம் எடுக்கிறீங்க? நான் சொன்னேனே, எழுதினால் போய்விடுவேன் என்று. ஓ, எழுதவில்லையா. என்ன காகிதம் இது?

முதலாளி கொடுத்த நோட்டின் நகலா? என் பெயர் ஏறியிருக்குமே, காட்டுங்க. இங்கிலீஷிலா, தமிழிலா? தமிழ்தான். நல்ல கையெழுத்து.

அர்த்தனாரி, டிரைவர். நல்லசிவம், மேனேஜர். சென்னியப்பன், சமையல். இதுதானே பிரச்சினை. இவர் பேருக்கு மேல் கோடு அடித்திருக்கிறது. அதற்குக் கீழே புது மையில்... இளவரசு. ஆமாம், நான்தான். அப்பா பெயரும் சரி. இளவரசு, சமையல்.

இளவரசு, சமையல்.

இது தப்பாக எழுதியிருக்காங்க மேடம். வரி மாறிப் போயிருக்கும். எனக்குச் சமைக்கவே தெரியாதுங்க. ரசம்கூட வைக்கத் தெரியாது, சுடுதண்ணீர்தான் வைப்பேன். நபின் பெயர் இருக்க வேண்டிய இடம் இது. நபின் எங்கே? அவர் பெயரே இல்லையே. டிரில்லர் என்று ஒருத்தர் பெயரும் இதில் இல்லையே மேடம். அப்படியென்றால் துளை யார் போடுகிறது?

உம் சொல்லுங்க மேடம்.

அண்ணனும் இதைப் பார்த்திருப்பாரா? ஒன்பது வருஷத்துக்கு முன்னால் அவர் பெயரை ஏற்றின அன்றைக்கு, அவரும் சந்தோஷமாகத்தான் இருந்திருப்பார், இல்லீங்களா? அவருக்கு மேலே இன்னொரு பெயர், கோடு அடித்து. படிக்க முடியவில்லை. அவரும் சமையல்தான்.

அந்தப் பஸ் நாமக்கல்தான். சீக்கிரம் வந்துவிட்டான். இருங்க மேடம், எங்கே எழுந்துவிட்டீங்க? நான் இன்னும் முடிக்கவில்லையே. அறிக்கையை இன்றைக்கே கொடுக்கணுமா? கையெழுத்து இல்லாத பேச்சு உங்கள் நோட்டில் நிற்காதா? அது தெரியும்ங்க. தெரிந்துதானே கதை என்றேன்.

இந்தக் காகிதம்... உங்களுடையது, வைத்துக்கோங்க. எனக்கா? எனக்கு எதற்கு இது?

போறீங்களா? சரி, போயிட்டு வாங்க மேடம்.

மேடம்.

மேடம், நில்லுங்க. எழுதிக்கோங்க. சென்னியப்பண்ணன் சமையல்காரர் இல்லைங்க. லீவர்ல நின்னவருங்க. அந்தம்மாவோட போர்வெல் போட்டது அவருதானுங்க. நான் பக்கத்துல நின்னேன், நான் பாத்தேன், நான் கையெழுத்துப் போடறேன்... மேடம்... இந்த ஹாரன் சத்தத்துல... கேக்குதுங்களா? இங்க பாருங்க, கையத் தூக்கிட்டு நிக்கறேன், முஷ்டியத்தான் மடக்கியிருக்கேன்... இது வணக்கம் இல்லீங்க...

கொஞ்சம் மெதுவா நடங்க மேடம். இந்த இருமல் மட்டும் நின்னுதுன்னா, சத்தமாச் சொல்லிருவேன்.